ஈயக்காவும் பதினாறு ட்ரம்பெட்டுகளும்

அவளுடைய வலது காதுக்கு மேலே ஏழு தையல் போட்ட வடு ஒன்று இருக்கிறது. முடியை அந்தப் பக்கம் வாரி மறைக்கமாட்டாள். இழுத்துக் கட்டி, வடு நன்றாகத் தெரியும்படிதான் உட்கார்ந்து வேலை செய்வாள். யாராவது கேட்டால், "ட்ரம்பெட் பட்டுச்சு" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்கமாட்டாள்.

பேண்டு வாசிக்கிற எங்கள் எல்லாருக்கும் அவள் ஈயக்கா. ஈயம் உருக்கிப் பற்றவைக்கிறவள் என்பதால் வந்த பெயர். நான் கிளாரினெட் வாசிக்கிறவன். பதினெட்டு வருடமாக ஒரே பேண்டு, ஒரே மாஸ்டர். ஈயக்காவுக்கு நடந்ததில் பாதியை அவள் வாயாலேயே கேட்டேன். மீதிப் பாதி நடந்தபோது நான் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பெருமை தருகிற விஷயம் இல்லை அது. ஆனாலும் அதைச் சேர்த்தே சொல்கிறேன்.

வாத்தியங்களுக்கு வருவதற்கு முன்னால் அவள் லாரி ரேடியேட்டர் பழுதுபார்க்கும் பட்டறையில் பதினோரு வருடம் இருந்தாள். ரேடியேட்டர் என்பதும் ஒருவகையில் பித்தளையும் செம்பும்தான். எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க, எல்லா வாயையும் அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் அமுக்குவார்கள். குமிழி வருகிற இடத்தில் பற்று வைக்க வேண்டும். தெறித்த ஈயம் சுட்ட புள்ளிகள் அவளுடைய இரண்டு முன்கையிலும் அம்மைத் தழும்புபோல இருக்கும்.

புருஷன் ட்ரம்பெட் வாசிப்பவன். அவனைப்போல ஊதியவனை நான் கேட்டதில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். ஊர்வலத்தில் நாற்பது பேர் அடித்து முழக்கிக்கொண்டு போகும்போது அவன் ட்ரம்பெட்டை உயர்த்தினால் மாடிகளில் ஜன்னல் திறக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பட்டறை வாசலுக்கு வந்து நின்றாள். அதைக் கேட்டுத்தான் அவனைக் கட்டிக்கொண்டாள்.

மூன்றாவது மாதம் அடிக்க ஆரம்பித்தான். விளக்கை அணைக்கவில்லை, சாப்பாடு ஆறிவிட்டது, பட்டறை முதலாளியோடு என்ன சிரிப்பு. காரணத்துக்கா பஞ்சம்? எப்போதும் இடது கையால்தான் அடிப்பான். வலது கை விரல்கள் சுரம் மாற்றப் பிஸ்டன் அழுத்துகிற விரல்கள். அதில் அடிபட்டுவிடக் கூடாதாம். கோபம் தலைக்கேறிய நேரத்திலும் அந்தக் கணக்கு அவனுக்குத் தப்பியதில்லை.

ஏழாவது வருடம் கப்பலில் வந்திறங்கிய புது ட்ரம்பெட் ஒன்று வாங்கினான். தங்கம் மாதிரி பளபளப்பு, உள்ளே வெல்வெட் வைத்த பெட்டி, விலை பாதிக்கும் கீழே. இரண்டாம் நாளே ஊர்வலத்தின் நடுவில் இரண்டாவது பிஸ்டன் உள்ளே போனது மேலே வரவில்லை. பாட்டு அப்படியே தொங்கியது. கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. மத்தியானம் வீட்டுக்கு வந்தான். அவள் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்:

"வாங்குறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு தடவ காட்டியிருக்கலாம்ல."

கையில் இருந்த ட்ரம்பெட்டாலேயே மண்டையில் அடித்தான்.

காகிதப் பொட்டலம் மாதிரி ட்ரம்பெட்டின் புனல் வாய் மடங்கிக்கொண்டது. மடங்கிய விளிம்பு தோலைக் கிழித்துவிட்டது. ஈரத் துண்டோடு ரத்தமும் சேர்ந்து தோளெல்லாம் ஓட, அவளே நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். தைத்த டாக்டர், நல்ல கனமான உலோகமாக இருந்திருந்தால் எலும்பு உடைந்திருக்கும் என்றாராம்.

"மட்டமான சரக்கு தம்பி. அதனாலதான் உயிரோட இருக்கேன்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள்.

சாயங்காலம் அவன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். மடங்கிய ட்ரம்பெட்டை அவள் மடியில் வைத்தான்.

"இத நிமித்திக் குடு. நாளைக்கு எனக்கு வேலை இருக்கு."

அதை வாங்கிக்கொண்டாள். ஆனால் அங்கிருந்து வீட்டுக்குப் போகவில்லை. தையல் வேலை செய்கிற தங்கச்சி வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். நாலு நாள் கழித்துப் பட்டறைக்குப் போய், கட்டுப்போட்ட தலையோடு, அந்த ட்ரம்பெட்டை ஒவ்வொரு இணைப்பாகச் சூடு காட்டிப் பிரித்துப் போட்டாள். நிமிர்த்துவதற்காக இல்லை. தன்னை அடித்தது என்ன பொருள் என்று அவளுக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

குழாயும் குழாயும் சேரும் இடத்தில் ஈயம் மேல் விளிம்பில் மட்டும் கோலம் போட்ட மாதிரி ஓடியிருந்தது. உள்ளே காலி. பிஸ்டன் ஓடும் உறையைப் பற்றவைத்தபோது சூடு அதிகமாகி உறை லேசாகக் கோணியிருந்தது. சிக்கியதற்குக் காரணம் அதுதான். பளபளப்பைச் சுரண்டினால் அரத்தால் ராவிய தடம். தாங்கு கம்பி ஒன்றில் காந்தம் ஒட்டியது. தங்க நிறம் பூசிய இரும்பு. எல்லாவற்றையும் ஒரு பழைய துணியில் பரப்பி வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

அடுத்த வாரம் அவன் தங்கச்சி வீட்டுக் கதவை உதைத்து உடைத்தான். ஈயக்காவைத் தலைமுடியைப் பிடித்து மாடிப்படியில் இழுத்தான். தையல் பிரியப் பிரிய ஆறு படி இறங்கிவிட்டான். தங்கச்சி அப்போது வாடிக்கைக்காரரின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பேச்சும் இல்லை கத்தலும் இல்லை. இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து அவன் தோள்பட்டையில் வைத்து அழுத்தினாள். அவன் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. தோல் கருகும் நாற்றம் படிக்கட்டில் மூன்று நாள் இருந்தது என்பாள் தங்கச்சி. அதன்பின் அவன் அந்தப் பக்கம் வரவில்லை. இரண்டு வருடத்தில் கோர்ட்டு இரண்டு பேரையும் பிரித்து விட்டது.

ஈயக்கா ரேடியேட்டரை விட்டுவிட்டு, ஒற்றை அறை எடுத்து, வாத்தியம் பழுதுபார்க்க உட்கார்ந்தாள். வேலை தானாக வந்தது. குறைந்த விலை வாத்தியங்கள் கன்டெய்னர் கன்டெய்னராக இறங்கிக்கொண்டிருந்த காலம். வாங்கி ஆறு மாதத்தில் அவளிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். "வாங்குறதுக்கு முன்னாடி கூப்பிட்டிருக்கலாம்ல" என்பாள். மெல்ல மெல்ல ஆட்கள் கூப்பிடத் தொடங்கினார்கள்.

மலிவு என்றாலே முகம் சுளிக்கிறவள் இல்லை அவள். "வில கொறஞ்சது வேற, மட்டம் வேற. ஒரே பட்டறையில, ஒரே நாள்ல, ஒரே ஆளு செஞ்ச ரெண்டுல ஒண்ணு இருபது வருஷம் ஓடும், இன்னொண்ணு இருபது நாள் ஓடாது. அதனால ஒண்ணப் பாத்துட்டு பத்து வாங்காதீங்க. பத்து வேணும்னா பத்தையும் பாருங்க" என்பாள்.

எங்கள் பேண்டுக்குப் பன்னிரண்டு ட்ரம்பெட் தேவைப்பட்டது ஒரு அடிதடியால். ஒரு குறுகலான தெருவில் எங்கள் கல்யாண ஊர்வலமும் இன்னொரு பேண்டின் சாவு ஊர்வலமும் எதிரெதிரே வந்து நின்றன. யார் ஒதுங்குவது? நாங்கள் சத்தத்தைக் கூட்ட, அவர்கள் சத்தத்தைக் கூட்ட, கடைசியில் அவர்களுடைய பெரிய மேளக்காரன் எங்கள் முன்வரிசைப் பையன்மேல் மேளத்தோடு வந்து விழுந்தான். கால் மணி நேரம். வாத்தியத்தால் குத்தினோம், வாத்தியத்தால் தடுத்தோம். எங்கள் மாஸ்டருக்கு விலா எலும்பு இரண்டு போயிற்று. மாப்பிள்ளை காருக்கு அடியில் ஒளிந்துகொண்டார். பிணத்தைத் தூக்கிவந்தவர்கள் பாடையை நடைபாதையில் இறக்கிவைத்துவிட்டு அவர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். முடிந்தபோது தெருவெல்லாம் நசுங்கிய பித்தளை.

மாஸ்டர் விலாவில் கட்டோடு ஈயக்காவைக் கூப்பிட்டார். நானும் உடன் போனேன். காலை பதினொரு மணி. துறைமுகச் சாலையில் ஒரு கிடங்கு. தகரக் கூரை, தரையில் தார்ப்பாய், சுவர் நெடுக அட்டைப்பெட்டிகள். கிடங்குக்காரர் வெள்ளைச் சட்டை போட்ட பெரிய மனிதர். வாங்க வந்த வேறு இரண்டு பேர், மூட்டை தூக்குகிறவர்கள் நாலு பேர். ஈயக்கா தன்னுடைய பையை இறக்கினாள். காந்தம், கைவிளக்கு, ரப்பர் அடைப்பான். ஒரு பெரிய வாளி நிறையத் தண்ணீர் கேட்டாள்.

"எதுக்கும்மா இவ்ளோ சிரமம்? நம்ம ஆளு ஊதிக் காட்டுவாரு, கேளுங்க. காதுக்குத் தெரியாதா?" என்றார் கிடங்குக்காரர்.

பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து ஆள் வந்தான். அவளுடைய பழைய புருஷன். வாத்தியத்தை ஊதிக் காட்டி விற்றுக்கொடுக்கிற வேலைக்கு அங்கே சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்ததாம். எங்களுக்குத் தெரியாது. அவளைப் பார்த்து ஒரு நொடி நின்றான். பிறகு ட்ரம்பெட்டை எடுத்து ஊதினான்.

என்ன சொல்ல? தகரக் கூரை சிலிர்த்தது. மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டையை இறக்கிவிட்டார்கள். மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "இதையே எடுத்துக்கலாம்மா" என்றார்.

ஈயக்காவின் முகம் வெளிறிப் போயிருந்தது. ஆனாலும் குரல் நடுங்கவில்லை.

"நீங்க வாங்குறது அவன் ஒதட்ட இல்ல மாஸ்டர், பித்தளைய. அவன் ரப்பர் குழாயில ஊதுனாலும் இப்படித்தான் கேக்கும்."

தார்ப்பாயில் உட்கார்ந்தாள். பதினாறு பெட்டியைத் திறக்கச் சொன்னாள். ஒவ்வொன்றாக எடுத்தாள். முதலில் கண்ணுக்கு நேரே நீட்டி, குழாய் நேராக இருக்கிறதா என்று துப்பாக்கி குறி பார்ப்பதுபோலப் பார்த்தாள். இணைப்புகளின் மேல் நகத்தை ஓட்டினாள். காந்தம் வைத்தாள். பிஸ்டனை நேராக அழுத்தாமல் ஓரத்தில் விரல் வைத்து மெதுவாக அழுத்தி, காதருகே பிடித்து உரசுகிறதா என்று கேட்டாள். பிஸ்டனைத் தொடாமல் சிறிய வளைகுழாயைச் சட்டென்று உருவினாள். உள்ளே காற்று நிற்கிறது என்றால் சோடா மூடி திறந்த மாதிரி 'பக்' என்று கேட்க வேண்டும். கேட்டது சிலவற்றில்தான். கடைசியாகப் புனல் வாயை ரப்பரால் அடைத்து, வாளித் தண்ணீரில் முக்கி, முனையில் வாய்வைத்து ஊதினாள். குமிழிகள் வந்தன.

"புதுச் சரக்க தண்ணியில முக்குறியே, என்னம்மா இது?" என்று கிடங்குக்காரர் குரலை உயர்த்தினார்.

"தண்ணி பட்டா கெட்டுப்போற ட்ரம்பெட், வாசிக்கிறவன் எச்சிலுக்குத் தாங்குமாங்க?"

மூட்டைக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். வாங்க வந்த மற்ற இரண்டு பேரும் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்கள். ஈயக்கா வலது பக்கம் ஐந்தை அடுக்கினாள். இடது பக்கம் பதினொன்றைத் தள்ளினாள்.

"இந்த அஞ்சு நல்லா இருக்கு. தாராளமா வாங்கலாம். இது பதினொண்ணும் வேணாம்."

மற்ற இரண்டு பேரும் தாங்கள் எடுத்து வைத்திருந்த பெட்டிகளைச் சத்தமில்லாமல் திருப்பி வைத்தார்கள். கிடங்குக்காரர் அதைப் பார்த்தார். திரும்பி, ட்ரம்பெட்காரனிடம் மெதுவாகச் சொன்னார்:

"ஒன் பழைய பொண்டாட்டி தானேடா இது? இழுத்து வெளிய போடு. இல்ல, நாளையிலிருந்து நீயும் வராத."

அவன் நாலு எட்டில் வந்தான். இடது கையை ஓங்கி அவளுடைய வலது காதில் அறைந்தான். ஈரத் துணியைக் கல்லில் அடித்தது போன்ற சத்தம். அவள் முட்டி போட்டு விழுந்தாள். பின்னால் போய், முடியை முறுக்கிப் பிடித்து, முகத்தை வாளிக்குள் அமுக்கினான்.

"முக்குறியாடி? எதையும் முக்கித்தான் பாப்பியா? பாரு. குமிழி வருதா பாரு."

குமிழி வந்தது. அவளுடைய கால்கள் தார்ப்பாயை உதைத்தன. ஒரு செருப்பு பறந்து அட்டைப்பெட்டியில் பட்டது.

எண்ணிச் சொல்கிறேன். அந்தக் கிடங்கில் அவனைத் தவிர ஒன்பது ஆண்கள் நின்றோம். மாஸ்டருக்கு விலா எலும்பு உடைந்திருந்தது. மீதி எட்டுப் பேருக்கு எதுவும் உடைந்திருக்கவில்லை. எனக்குக் கால் நகரவில்லை. யாராவது போவார்கள் என்று எல்லாரும் யாரையோ பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவளுடைய கை தார்ப்பாயில் துழாவியது. வலது பக்கம் அடுக்கியிருந்த ஐந்தில் ஒன்று அகப்பட்டது. தண்ணீருக்குள் முகம் இருக்க, கண் தெரியாமல் பின்பக்கம் சுழற்றி அடித்தாள். முழங்காலில் பட்டது. அவன் பிடி தளர்ந்தது. தண்ணீரைச் சிதறிக்கொண்டு எழுந்து, இரண்டு கையாலும் பிடித்து, அவன் வாயில் அடித்தாள். சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. வெள்ளையாக ஏதோ தார்ப்பாயில் தெறித்து உருண்டது. அவன் மல்லாந்து விழுந்தான். விழுந்தவனின் வாயிலேயே மூன்றாவது அடி அடித்தாள்.

அப்போதுதான் என் கால் நகர்ந்தது. ஓடிப் போய்ப் பிடித்தேன். நான் பிடித்தது அவளுடைய கையை. இவ்வளவு நேரம் அவன் கையைப் பிடிக்காத நான், அவள் கையைப் பிடித்தேன். யாரென்று பார்க்காமல் முழங்கையால் என் மூக்கில் ஒன்று விட்டாள். எலும்பு நொறுங்கியது. அவளிடம் அதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் தார்ப்பாயில் கிடந்த ட்ரம்பெட்டைப் பேனாவால் தொட்டுப் பார்த்து, "இதாலயா அடிச்ச?" என்றார். அவள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். தண்ணீராக வந்தது. மாஸ்டர்தான் பதில் சொன்னார்: "ஆமாங்க. தேறுன அஞ்சுல ஒண்ணு."

அவனுக்கு மேல் வரிசையில் நாலு பல், கீழே இரண்டு போயிற்று. மேலுதடு மூக்கு வரைக்கும் கிழிந்து, தைத்து, கோணலாகக் கூடியது. அந்த உதட்டால் சூடான டீயைக்கூட ஊதிக் குடிக்க முடியாது. அவளுக்கு வலது காது செவிப்பறை கிழிந்துவிட்டது. அந்தக் காதில் கேட்கும் சக்தி திரும்பவில்லை.

வழக்கு ஒன்றரை வருடம் நடந்தது. கிடங்குக்காரர் தான் அங்கேயே இல்லை என்றார். மூட்டைக்காரர்கள் எதையும் பார்க்கவில்லை என்றார்கள். நானும் மாஸ்டரும் போய்ச் சொன்னோம். முகம் எவ்வளவு நேரம் தண்ணீருக்குள் இருந்தது என்று வக்கீல் கேட்டார். "ஓடிப் போய்த் தடுக்கிறதுக்கு வேண்டிய நேரம் இருந்துச்சு" என்றேன். நீதிபதி என்னை நிமிர்ந்து பார்த்தார். மூன்றாவது அடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஈயக்காவே சொன்னாள். கூண்டில் ஏறி நின்று, "மொத ரெண்டு அடி உயிருக்காக அடிச்சது. மூணாவது அடி தேவையில்லாதது. அவன் கீழ கிடந்தான். தெரிஞ்சுதான் அடிச்சேன்" என்றாள். அவளுடைய வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். தங்கச்சி எழுந்து வெளியே போய்விட்டாள்.

அவளைத் தற்காப்பு என்று எச்சரித்து விட்டுவிட்டார்கள். அவனுக்கு ஒன்றரை வருடம். கிடங்குக்காரருக்கு ஒரு மண்ணும் ஆகவில்லை. அந்தப் பதினொன்றையும் எங்கேயோ வெளியூர் பேண்டுக்கு விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டோம்.

தீர்ப்பு வந்த மறுநாள் என் கிளாரினெட்டில் துளையை மூடுகிற சாவி ஒன்று தளர்ந்துவிட்டது என்ற சாக்கில் அவளுடைய அறைக்குப் போனேன். பற்றவைக்கும் விளக்கை எரியவிட்டபடி சும்மா உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அவனுக்காகவா அழுதீங்க?"

"அவனுக்காக நான் ஏன் அழணும்? அந்தச் சத்தம் போச்சே தம்பி. இனிமே யாரு ஊதுவா அப்படி? அது அவன்கிட்ட போயி இருந்துச்சு பாரு. அது என்ன தப்பு பண்ணுச்சு?"

கிளாரினெட்டை நீட்டினேன். வாங்கிச் சாவியை ஆட்டிப் பார்த்துவிட்டு, "இது நல்லாத்தானே இருக்கு" என்றாள். நான் ஏன் வந்தேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கேட்காமலே திரும்பினேன். ஒரு வாரம் கழித்து மறுபடி போய்க் கேட்டேன். "சரி" என்றாள். அவ்வளவுதான். 'பரவாயில்லை' என்று சொல்லவில்லை.

அடுத்த வருடம் அதே கிடங்குக்காரர் ஆள் அனுப்பினார். அவள் பார்த்துக் கொடுக்காத சரக்கை யாரும் வாங்கமாட்டேன் என்கிறார்களாம். தங்கச்சி வந்தவனை வாசலிலேயே திட்டினாள். ஈயக்கா, "பெட்டியெல்லாம் ரோட்டுக்குக் கொண்டு வரச் சொல்லு. நான் உள்ள வரமாட்டேன். வாங்குறவங்க எல்லாரும் பாக்கத்தான் பாப்பேன்" என்று சொல்லி அனுப்பினாள்.

கொண்டுவந்தார்கள். துறைமுகச் சாலை நடைபாதையில், லாரிகள் போய்க்கொண்டிருக்க, பட்டப்பகலில் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்தாள். சுற்றிலும் முப்பது வாத்தியக்காரர்கள். தங்கச்சி ஒரு நாற்காலி போட்டு அவளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். கிடங்குக்காரர் வாசலுக்குள்ளேயே நின்றார். அன்று நாற்பதில் பத்தொன்பது தேறியது. ஒவ்வொன்றையும் தள்ளும்போது ஏன் தள்ளுகிறாள் என்று உரக்கச் சொன்னாள். தனக்கே சரியாகக் கேட்காததால் குரல் கொஞ்சம் அதிகமாகவே வந்தது, எதிர்ச்சாரி டீக்கடை வரைக்கும்.